பாதிப் படம், முக்கால் பாட்டு

போன மாதம் மாமாவின் தகர டப்பா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சங்கரன்கோவில் வீட்டைக் காலி பண்ணும்போது பரணில் இருந்து இறங்கியதாம். எப்போதோ பிஸ்கட் வந்த டப்பா, மூடி துருப்பிடித்து, திறக்க ஒரு கரண்டிக் காம்பு தேவைப்பட்டது. உள்ளே நெகட்டிவ் கட்டுகள், மூன்று கேசட், ஒரு யாஷிகா கேமராவின் உறை (கேமராவைக் காணோம்), அப்புறம் எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத ஒரு சாவி. நான் பத்தாவது முடிக்கும்வரை வளர்ந்தது அந்த வீட்டில்தான். "நீதான போட்டோக் கிறுக்கன், நீயே வச்சுக்கோ" என்று மாமா கொடுத்துவிட்டார்.

மூன்று வாரமாக ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் இதுதான் வேலை. ஸ்கேனர் எல்லாம் வாங்கவில்லை. பழைய டேப்லெட் ஒன்றில் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, ஒரு கண்ணாடியை இரண்டு பக்கமும் தீப்பெட்டி வைத்து அதற்கு மேலே தூக்கி நிறுத்தி, கண்ணாடிமேல் நெகட்டிவைப் படுக்கவைத்து, மேலே இருந்து கேமராவில் எடுக்கிறேன். தீப்பெட்டி முக்கியம். நேராகத் திரைமேல் வைத்தால் டேப்லெட்டின் புள்ளிகள் எல்லாம் பாட்டி முகத்தில் கொசுவலை போட்ட மாதிரி விழும். முதல் நாள் அப்படித்தான் முப்பது படம் வீணாய்ப் போனது. அப்புறம் அந்த ஆரஞ்சு. கலர் நெகட்டிவில் படத்துக்கு அடியில் ஓடும் ஆரஞ்சு நிறம், பிலிம் சாயங்களின் குறையைச் சரிக்கட்ட கம்பெனிக்காரர்களே வைத்தது. கம்ப்யூட்டரில் சும்மா தலைகீழாக மாற்றினால் ஊரே நீலமாகி, கல்யாணம் தண்ணீருக்கடியில் நடந்த மாதிரி வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக இழுத்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு கட்டில் காடி வாடை அடித்தது. அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் மணக்கும், அதனால் அந்தக் கட்டை முதலில் முடித்தேன்.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் அந்தக் காலத்துப் படம் மொத்தமே ஐம்பது இருந்தால் அதிகம். டப்பாவில் இருந்தது அதைப்போல மூன்று மடங்கு. ரோலைக் கழுவக் கொடுக்கும்போதே "நல்லா வந்ததை மட்டும் பிரிண்ட் போடுங்க" என்று சொல்லிவிடுவார்கள், பிரிண்டுக்குத்தானே காசு. எது நல்லா வந்தது என்று தீர்மானித்தது ஸ்டுடியோக்காரர். கண்ணை மூடியவர்கள், சரியான நேரத்தில் திரும்பிவிட்டவர்கள், கழுத்துக்கு மேலே காணாமல் போனவர்கள் எல்லோரும் இத்தனை வருஷமாக டப்பாவுக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள்.

எனக்கு இப்போது அந்தத் தள்ளுபடிப் படங்கள்தான் பிடித்திருக்கிறது. ஆல்பத்தில் இருக்கும் படத்தில் எல்லோரும் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். அதற்கு அடுத்த பிரேமில், எடுத்தாகிவிட்டது என்று நினைத்துக் கலைகிறார்கள். அத்தை வாய்விட்டுச் சிரிக்கிறாள், என்ன சிரிப்போ. சித்தப்பா சீப்பைப் பின்பாக்கெட்டில் செருகுகிறார், காதை மூடிய முடி, ஊரில் பாதிப் பேருக்கு அன்றைக்கு அப்படித்தான். பின்னால் காம்பவுண்டுச் சுவரில் ஒரு சினிமா போஸ்டர், அதன்மேல் இன்னொரு போஸ்டர், அடியில் இருக்கும் ஹீரோவின் ஒரு கண் மட்டும் கிழிசல் வழியாகத் தெரிகிறது. யார் கண் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் வெறும் மணல்தான். எடுத்தவர் அந்தச் சுவரைப் பார்த்திருக்கவே மாட்டார், அவருக்குச் சித்தப்பா தலை வெட்டுப்படாமல் இருந்தால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ரோலின் கடைசிப் படம். ஓரத்தில் ஓடும் எண்களில் 36ஐயும் தாண்டி, வலதுபக்கம் கொஞ்சம் வெட்டுப்பட்டு இருந்தது. இருட்டிய அறை, நடுவில் எங்கள் வீட்டு டிவி. இழுத்து மூடும் கதவு வைத்த மரப்பெட்டி, கருப்பு வெள்ளை. திரையில் மேலே பாதிக்கு மேல் வெறும் கருப்பு. கீழே ஒரு பட்டையில் மட்டும் நீலம் பாய்ந்த படம்: நாற்று, அதைப் பிடித்திருக்கும் ஒரு கை, கையில் வளையல். அவ்வளவுதான் இருக்கிறது.

ஏன் பாதி என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்து டிவி ஒரு படத்தை மொத்தமாகக் காட்டியதே இல்லை. 625 கோடுகள் கொண்ட படத்தை, ஒரு கோடு விட்டு ஒரு கோடாக, மேலிருந்து கீழே வினாடிக்கு 50 தடவை வரைந்துகொண்டே இருக்கும். வரைந்த இடம் உடனே மங்க ஆரம்பித்துவிடும். நம் கண் ஏமாந்துவிடும், கேமரா ஏமாறாது. மாமாவின் யாஷிகாவில் ஷட்டர் வேகத்தை மாற்ற முடியாது, வினாடியில் 125இல் ஒரு பங்கு மட்டும் திறந்து மூடும். அதற்குள் திரையில் ஐந்தில் இரண்டு பங்குதான் வரைந்து முடியும். டிவியைப் போட்டோ எடுத்து ஏமாந்த வீடுகள் ஊருக்கு நாலு இருக்கும். பிளாஷ் போட்டு எடுத்தவர்கள் இன்னும் பாவம், கண்ணாடியில் ஒரு வெள்ளைச் சூரியன் மட்டும் விழுந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் சினிமாப் பாட்டு போடும் ஒளியும் ஒலியும்தான் என்று அடித்துச் சொன்னேன். வயல், வளையல் போட்ட கை, வேறென்ன? மாமா ஏதோ ஒரு நடிகையிடம் மனதைப் பறிகொடுத்து, பாட்டு முடிவதற்குள் கேமராவைத் தேடி ஓடி, ஒரே ஒரு படம் எடுத்திருக்கிறார் என்று ஒரு கதையே மனதுக்குள் ஓட்டிவிட்டேன். குடும்ப வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டு என்ன பாட்டு என்று கேட்டால் ஒன்பது பேர் ஒன்பது பாட்டைச் சொன்னார்கள். என் மனைவி பாட்டைச் சொல்லவில்லை, "எப்படியும் பாரதிராஜா படமாத்தான் இருக்கும்" என்றாள்.

பாட்டைத் தேடப்போய்த்தான் கேசட்டுக்கு வந்தேன். நண்பர் ஒருவரிடம் டேப் ரெக்கார்டர் கடன் வாங்கி, பென்சிலை விட்டுச் சுற்றி நாடாவை இறுக்கி, பயந்துகொண்டேதான் போட்டேன். ஓடியது. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த 60 கேசட், அட்டையில் கடைக்காரரின் பச்சை மைக் கையெழுத்து. அவரிடம் படப் பெயர் வாரியாக எழுதிய தடி நோட்டு ஒன்று இருக்கும், அதைப் புரட்டி நாம் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு வாரம் கழித்துப் போனால் "நாளைக்கு வாங்க" என்பார். ஒரு பக்கம் 30 நிமிஷம். நாலரை நிமிஷப் பாட்டு ஆறு போட்டால் மூன்று நிமிஷம் மிச்சம். நாடாவை வெறுமனே விடுவது அவருக்குப் பாவம் செய்வது மாதிரி, அதனால் தன் இஷ்டத்துக்கு ஏழாவதாக ஒன்றை ஏற்றிவிடுவார். அது இரண்டாவது இடையிசையில், வயலின்கள் எல்லாம் சேர்ந்து படியேறும் இடத்தில், டக் என்று நிற்கும்.

இளையராஜா பாட்டு. எந்தப் பாட்டு என்று சொல்லமாட்டேன், சொன்னால் போய் முழுதாகக் கேட்டுவிடுவீர்கள். அதற்கு இரண்டாவது சரணம் ஒன்று இருப்பதே வேலைக்குப் போனபிறகு யூடியூபில் கேட்டுத்தான் தெரியும். நல்ல சரணம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இன்றுவரை அது யாரோ பிறகு எழுதி ஒட்டவைத்த மாதிரியேதான் எனக்குப் படுகிறது. வயலின் ஏறியதும் கை தானாக கேசட்டைத் திருப்பிப் போடப் போகிறது, காரில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதும்.

இன்னொன்றை என் மகள்தான் கண்டுபிடித்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்பா, பாட்டு வர்றதுக்கு முன்னாடியே பாட்டு கேக்குது" என்றாள். உண்மைதான், மறந்தே போயிருந்தேன். நாடா சுற்றிச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால், ஒரு சுற்றில் இருக்கும் பாட்டின் காந்தம் அடுத்த சுற்றிலும் லேசாக ஒட்டிக்கொள்ளும். வருஷக்கணக்கில் பரணில் கிடந்தால் இன்னும் நன்றாக ஒட்டும். அதனால் பாட்டு தொடங்குவதற்கு இரண்டு மூன்று வினாடி முன்னால், இரைச்சலுக்குள் அதே முதல் வரி பக்கத்து வீட்டில் இருந்து வருகிற மாதிரி ஒரு தடவை வந்துபோகும். சின்ன வயதில் எனக்கு அது பாட்டின் ஒரு பகுதி. பாடகர் ஒத்திகை பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு வாய்த்த சினிமா எல்லாமே இந்த லட்சணத்தில்தான் வந்து சேர்ந்தது. 1987இல் வந்த நாயகனுக்கு பி.சி.ஸ்ரீராம் வாங்கிய தேசிய விருது ஒளிப்பதிவுக்கு. எங்கள் வீட்டுக் கருப்பு வெள்ளை டிவியில் அது ரேடியோ நாடகம். பாதிப் படம் இருட்டு, குரல் மட்டும் கேட்கும், யார் யாரை அடிக்கிறார்கள் என்று மாமா பக்கத்தில் இருந்து சொல்வார். 2023இல் திரும்பத் தியேட்டரில் விட்டபோது போய்ப் பார்த்தேன். அந்த இருட்டுக்குள் அத்தனை பழுப்பும் பொன்னிறமும் இருந்திருக்கிறது, முகங்கள் இருந்திருக்கின்றன. அசந்துதான் போனேன். பழசுதான் உசத்தி என்று பேசுகிற ஆளில்லை நான், துல்லியமாகக் கிடைப்பதைத் துல்லியமாகப் பார்ப்பதுதான் எடுத்தவருக்கு மரியாதை. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் மனதில் ஓடியது பழைய இருட்டுப் படம்தான், மாமா குரலோடு. என் மண்டைக்குள் ஒரிஜினல் என்று உட்கார்ந்திருப்பது அந்த மொக்கைப் பிரதி. அதை இனி மாற்ற முடியும் என்று தோன்றவில்லை, எனக்கு மாற்றவும் வேண்டாம்.

மாமா வாட்ஸப் பார்க்கிறவர் இல்லை. அதனால் நேற்று முன்தினம் போன் போட்டேன். அந்த டிவி படத்தை விவரித்து, நாற்று, கை, வளையல் எல்லாம் சொல்லி, "அது என்ன பாட்டு மாமா? ஞாபகம் இருக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் இருமல் கலந்த ஒரு சிரிப்பு.

"பாட்டாவது ஒண்ணாவது. அது வயலும் வாழ்வும்லா மாப்ளே. ரோல்ல ஒண்ணு மிச்சம் கெடந்துச்சு, முடிச்சாத்தான கழுவக் குடுக்க முடியும்?"

குழுவில் இன்னும் சொல்லவில்லை. நேற்று அத்தை பத்தாவது பாட்டை அனுப்பியிருந்தாள், கூடவே தானே பாடி ஒரு ஆடியோவும்.