ஒன்-வே பேரிங் வழுக்கினால்

நம்ம 450 அளவு எலக்ட்ரிக் ரிமோட் ஹெலிகாப்டர் ஒருவழியாகச் சரியாகிவிட்டது! அதற்கு முன்பெல்லாம் த்ராட்டில் கொடுத்தால் மோட்டார் சீறும், மெயின் கியரும் சுற்றும், பிளேடு மட்டும் மந்தமாக இருக்கும். பிட்சை, அதாவது பிளேடின் சாய்வை, ஏற்றினால் ஹெட் வேகம் (ரோட்டர் சுற்றும் வேகம்) சட்டென்று விழும். குற்றவாளி, மெயின் கியர் ஹப்புக்குள் இருக்கும் ஒன்-வே பேரிங்.

சைக்கிள் ஃப்ரீவீல் செய்கிற வேலைதான் இதற்கும். மோட்டார் நின்றாலும் ரோட்டர் தன்பாட்டுக்குச் சுற்றும். ஆட்டோரொட்டேஷனில், அதாவது மோட்டார் இல்லாமல் சுற்றும் ரோட்டரை வைத்தே, இறக்க முடிவது அதனால்தான். உள்ளே ஊசி உருளைகள் சரிவான பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். குட்டி ஸ்பிரிங்குகள் தள்ள, ஒரு திசையில் அவை ஷாஃப்டின் மேலுள்ள ஸ்லீவை (உலோகக் குழாயை) கவ்விப் பிடிக்கும். கெட்டியான கிரீஸ் சேர்ந்தால் உருளை நகராது, பிடிப்பும் இருக்காது.

மெயின் ஷாஃப்ட் போல்ட்டைக் கழற்றி ஹப்பை எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் அலசினேன். கறுப்பாக வந்த அழுக்கைப் பார்க்க வேண்டுமே! நன்றாகக் காயவைத்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. அவ்வளவு போதும்.

ஆனால் ஸ்லீவை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உருளைகள் உட்காரும் இடத்தில் விரல் நகம் தட்டுப்படும் அளவு கோடு இருந்தால், கழுவிப் பயனில்லை, ஸ்லீவ், பேரிங் இரண்டையும் மாற்றிவிடுங்கள். புதிய பேரிங்கை நேராக அழுத்திப் பொருத்த வேண்டும், சுத்தியல் வேண்டவே வேண்டாம். அதன் ஓடு மெல்லியது, நசுங்கினால் போச்சு. எந்தத் திசையில் அது கவ்விப் பிடிக்கும் என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் கியரைப் பிடித்துக்கொண்டு ரோட்டரைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் வழவழவென்று ஓடுகிறது, மறுபக்கம் டக்கென்று நிற்கிறது. என்ன ஒரு திருப்தி!