சாந்திவனம்: காவிரிக் கரையில் மௌன நாள்கள்

திருச்சி–கரூர் சாலையில், குளித்தலைக்குப் பக்கத்தில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது தண்ணீர்ப்பள்ளி. அங்குள்ள கத்தோலிக்க ஆசிரமமான சச்சிதானந்த ஆசிரமத்தைச் சாந்திவனம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பிரான்சிலிருந்து வந்த இரு குருக்கள், ஜூல் மோன்ஷனானும் ஹென்றி லெ சோவும், 1950இல் தொடங்கியது. 1968இல் பொறுப்பேற்ற ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் 1993இல் இறக்கும்வரை இதை நடத்தினார். அவர் கல்லறையும் இங்கேதான். இன்று இது கத்தோலிக்கத் துறவற சபையான கமால்டோலிப் பெனடிக்ட் துறவியரின் இல்லம்.

ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கான இடமல்ல இது. முதல் நாள் முழுக்கப் பயணக் களைப்பும் வீட்டு நினைப்புமாகப் போய்விடும். மூன்று இரவாவது தங்க வேண்டும். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அறை உறுதியான பிறகு கிளம்புங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் உட்கார்ந்து செபிப்பது கடினம். மார்கழி, தை நல்ல காலம். ஆற்றங்கரை என்பதால் மாலையில் கொசு உண்டு. சாப்பாடு சைவம், தரையில் அமர்ந்து.

கோயிலைப் பார்த்ததும் சில கத்தோலிக்கர் தயங்குகிறார்கள். கோபுரம், விமானம், இருண்ட மூலஸ்தானம் எல்லாம் நம் ஊர்க் கோயில் முறையில். அந்த இருட்டுக்குள் இருப்பது நற்கருணை, அதாவது திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக அர்ச்சிக்கப்பட்ட அப்பம். கடவுள் இதயக் குகையில் உறைகிறார் என்பதை அந்த இருட்டு சொல்கிறது. காலைச் செபத்தில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி தருவார்கள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனில் சாம்பல் பூச நெற்றி நீட்டுகிற நாம் விபூதிக்கு மிரள வேண்டியதில்லை. திருப்பலியில் காணிக்கை நேரத்தைக் கவனியுங்கள்: பீடத்தைச் சுற்றி நீர் தெளித்து, எட்டுத் திசைக்கும் எட்டு மலர் வைத்து, தூபமும் கர்ப்பூர ஆரத்தியும் காட்டுகிறார்கள். படைப்பு முழுவதும் அப்பத்தோடும் திராட்சை இரசத்தோடும் சேர்ந்து ஒப்புக்கொடுக்கப்படுகிறது.

சூரியன் எழும்போதும் சாயும்போதும் தியான நேரம். ஒரு மணி நேரம் என்றதும் பயப்பட வேண்டாம். புதியவர்கள் இருபது நிமிடத்தில் தொடங்கலாம். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி மடித்த போர்வை மேல் உட்காருங்கள். இல்லாவிட்டால் முதுகு கூன் விழும், பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். முட்டிவலி உள்ளவர் நாற்காலியில் அமர்வதில் குறைவொன்றும் இல்லை. மூச்சை உள்ளிழுக்கையில் “ஆண்டவராகிய இயேசுவே”, விடும்போது “என்மேல் இரக்கமாயிரும்”. மூச்சை வலிந்து நீட்டக் கூடாது, தலை சுற்றும்.

மனம் ஓடும். ஓடியதே என்று வருந்துவதும் இன்னொரு ஓட்டம்தான். இயேசுவின் பெயரைச் சொல்லித் திரும்பினால் போதும். தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து தரையைப் பாருங்கள். இரண்டாம் நாள் பலருக்குப் பழைய துக்கமோ கோபமோ மேலே வரும். வெளிச் சத்தம் அடங்கியதும் உள்ளே அமுக்கி வைத்தது கேட்கிறது, அவ்வளவுதான். தனியே மல்லாடாமல் துறவியர் ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். ஏதாவது குரல் கேட்கும் என்று காத்திருப்பவர்தான் அதிகம் ஏமாறுகிறார். விவிலியத்தில், ஓரேபு மலையில் இறைவாக்கினர் எலியாவுக்குக் காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் ஆண்டவர் இல்லை. எல்லாம் ஓய்ந்தபின் மெல்லிய ஒலி மட்டும்.

மௌனம் பிடித்துப்போனவர்கள் பொதுச் செபத்தைத் தவிர்த்து ஆற்றங்கரைக்குப் போய்விடுவதுண்டு. அது தவறு. திருப்பாடலும் பஜனையும் வாசகமும்தான் மௌனத்துக்குத் தீனி. சோர்ந்த நாளில் நம் விசுவாசத்தைப் பக்கத்தில் பாடுகிறவர் தாங்குகிறார். நாளை அவருக்கு நாம்.

ஊர் திரும்பியதும் உங்கள் பங்குக் கோயில் மக்களில் நான்கைந்து பேரைச் சேருங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம். ஒரு திருப்பாடல், இருபது நிமிட மௌனம், கடைசியில் கர்த்தர் கற்பித்த செபம். முடிந்தபின் யாருக்கு என்ன அனுபவம் என்று கேட்க வேண்டாம். கேட்டால் அடுத்த வாரம் சொல்வதற்காகவே அனுபவம் தேடுவார்கள்.