கணுக்கால் ஆய்வு ஒண்டில எட்டுக் கிழமை இருந்த கதை

வலது கணுக்கால் முதல்முதல் மடங்கினது 2022ல, பெட்ரோல் லைன் காலம். புட்போல் விளையாடக்குள்ள ஹெட் அடிக்க எழும்பி இறங்கக்குள்ள மற்றப் பொடியன்ட பூட்ஸுக்கு மேல கால் போய் உள்பக்கமா மடங்கிட்டு, டக் எண்டு ஒரு சத்தம். பைக்கில ஆஸ்பத்திரிக்குப் போக டாங்கில ஒண்டுமில்ல, அதால அம்மா எங்கட ஊர் ஆரையம்பதியிலயே தெரிஞ்ச நாட்டு வைத்தியர், பரியாரியாரிட்ட கூட்டிட்டுப் போனா, அவர் நோவெண்ணெய் போட்டு உருவி புக்கை கட்டி விட்டார், பத்து நாளில நடந்தன், நாலாம் கிழமை மெச் விளையாடினன். அவரில பிழை சொல்ல வரல்ல, வீக்கம் வத்தினதுதானே. வீக்கம் வத்தினாச் சுகம் எண்டு நினைச்சது என்ட பிழை.

அதுக்குப் பிறகு மறுகா மறுகா மடங்கத் தொடங்கிட்டு. கிரவுண்டில எண்டாலும் பரவால்ல, பஸ்ஸால இறங்கக்குள்ள, கோயில் வீதியில செருப்பில்லாம நடக்கக்குள்ள, ஒருக்கா சும்மா நிண்டு கதைச்சிட்டுத் திரும்பக்குள்ள. ஒவ்வொரு தரமும் கிளப்பில மீன் வாடியால ஐஸ் கொண்டு வந்து வைப்பானுகள், அந்த மணத்தோட ரெண்டு நாள் கிடப்பன், பிறகு திரும்ப ஓட்டம். (ஐஸ் வை எண்டு 1978ல புத்தகத்தில எழுதின அமெரிக்க டொக்டர் கேப் மேர்க்கினே 2014ல, ஐஸ் காயம் ஆறுறதைப் பிந்தப் பண்ணும் எண்டு மாத்தி எழுதினவராம், இதைப் பிறகுதான் அறிஞ்சன், அந்த மீன் மணம் சும்மா பட்டதோ எண்டு கவலையாப் போச்சு.)

எங்கட கிளப்பில கோல் காக்கிற மச்சான் ஒருத்தன்தான் சொன்னான், மட்டக்களப்பு டவுன்ல பிசியோ (பயிற்சியால சுகப்படுத்துற) ஆக்கள் கணுக்கால் அடிக்கடி மடங்கிற ஆக்களை வச்சு ஒரு ஆய்வு செய்யிறாங்களாம், சல்லி ஒண்டும் இல்லையாம், பஸ் காசு மட்டும் தருவாங்களாம், வா போவம் எண்டு. வீட்டில சொன்னதும் அம்மாவுக்கு முகம் மாறிட்டு. "ஆய்வு எண்டாச் சோதனைதானே மனே, உன்னில வச்சு மருந்து கிருந்து பாக்கப் போறாங்களோ?" மருந்து இல்லம்மா, உடற்பயிற்சி மட்டும்தான் எண்டு சொல்லியும் "முதல்ல பேப்பரை வடிவா வாசி, கண்ட இடத்தில சைன் வைக்காத" எண்டு ரெண்டு தரம் சொல்லித்தான் அனுப்பினா.

கல்லடிப் பாலம் தாண்டி டவுன்ல இறங்கி நடந்து போனா, அங்க முதல் நாளே என்னை வேணாம் எண்டுட்டாங்க. சிரிப்பா இருந்த. ஏன் எண்டு கேட்டா, இந்த மாதிரி ஆய்வுகளுக்கு ஆக்களைத் தெரிவு செய்ய உலகம் முழுக்கப் பாவிக்கிற ஒரு வரையறை கிடக்காம், 2013ல கணுக்கால் ஆய்வாளர் கூட்டமைப்பு ஒண்டு எழுதினது, முதல் சுளுக்கு நடந்து ஒரு வருசமாவது ஆகி இருக்கணும், கடைசியா அடிபட்டு மூண்டு மாசம் தாண்டி இருக்கணும், ஒப்பரேசன், எலும்பு முறிவு இருக்கக்கூடாது. எனக்குக் கடைசியா மடங்கி ரெண்டு மாசம்தான். புதுக் காயம் தானா ஆறுறதும், பயிற்சியால ஆறுறதும் ஒண்டோட ஒண்டு கலந்து போனா எதால சுகம் வந்த எண்டு சொல்லேலாது தம்பி எண்டு அந்த பிசியோ மிஸ் விளங்கப்படுத்தினா. நியாயம்தான், ஆனா பஸ்ஸில வந்தவனுக்கு நியாயம் கேக்க நல்லா இருக்குமா?

சும்மா திரும்ப வேணாம், ஒரு உதவி செய்யுங்க எண்டு ஒரு போம் தந்தா. ஒன்பது கேள்வி, மொத்தம் 30 புள்ளி, குறைய எடுத்தா கால் அவ்வளவு மோசம். அதை இங்கிலீசில இருந்து தமிழுக்கு மாத்தி, வேற ஒரு ஆளைக் கொண்டு திரும்ப இங்கிலீசுக்கு மாத்திப் பாத்து, இப்ப சாதாரண சனத்துக்கு விளங்குதோ எண்டு பாக்கிற கட்டம். சத்தமா வாசிச்சு என்ன விளங்கின எண்டு சொல்லணும். "எனது கணுக்கால் உறுதியற்றதாக உணர்கிறேன்" எண்டு ஒரு வரி. நான் "ஒருபோதும் இல்லை" எண்டதில புள்ளடி போட்டன். ஏன் எண்டு கேட்டா, மிஸ் நான் மனசில உறுதியானவன்தானே எண்டன். அவ சிரிக்கல்ல, எழுதினா. மறுகா நானே சொன்னன், நடக்கக்குள்ள கால் பிடிமானம் இல்லாம விட்டுட்டுப் போற மாதிரி வாறது எண்டா அது கிழமைக்கு ரெண்டு தரம் நடக்கும் எண்டு. அதையும் எழுதினா. அடுத்தது படியால இறங்கக்குள்ள எப்படி எண்டு. எங்கட வீட்டில திண்ணைக்கு ஒரு படிதான் கிடக்கு மிஸ், அதுவும் உடைஞ்சது. சமமில்லாத தரையில ஓடக்குள்ள எண்டு இன்னொண்டு, ஆரையம்பதியில சமமான தரை எங்க எண்டு நான் கேட்டன், கிரவுண்டே கால் புதையிற கடல் மண்.

மூண்டு மாசம் முடிஞ்ச பிறகு போன் கோல் வந்த, போனன். போம்ல "பிடிமானம் இல்லாம விட்டுட்டுப் போற மாதிரி" எண்டு அச்சில கிடந்த. என்ட சொல்லு! பெருமையா இருந்த, ஆனா இந்தத் தரம் அதே சொல்லு எனக்கு 17 புள்ளிதான் தந்த. 24க்குக் கீழ எண்டா ஆய்வுக்குள்ள எடுப்பாங்க.

சைன் வைக்க முதல் அரை மணித்தியாலம் வாசிச்சுக் காட்டினா. எப்ப வேணுமெண்டாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்ல, விலகினாலும் வழமையான கிளினிக் சிகிச்சை கிடைக்கும், பேர் வெளியில போகாது, நம்பர் மட்டும்தான். பேப்பரில மேல பதிவு இலக்கம் ஒண்டு. இலங்கையில இப்படியான ஆய்வுகளைப் பதியிறதுக்கு 2006ல இருந்து ஒரு பதிவேடு கிடக்காம், மருத்துவச் சங்கம் நடத்துறது, ஆரும் போய்த் தேடிப் பாக்கலாம். நான் பஸ்ஸில வரக்குள்ள போன்ல தேடினன், கிடந்த. அம்மாவுக்குக் காட்டினன், அவவுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியா, ஆனா கண்டதும் ஒரு நிம்மதி.

அளவெடுக்கிற நாள்தான் எனக்கு உண்மையா அடி விழுந்த நாள். முதல்ல படுக்க வச்சு இடுப்பெலும்பு முன் முனையில இருந்து உள்ளுக் கணுக்கால் எலும்பு வரை டேப் பிடிச்சா, 88 சென்டிமீட்டர். பிறகு தரையில மூண்டு பக்கமா டேப் ஒட்டிக் கிடக்கு, இங்கிலீசு வை எழுத்து மாதிரி. நடுவில ஒத்தக் கால்ல நிண்டு மற்றக் காலை முன்னுக்கு, பின்னுக்கு உள்பக்கம், பின்னுக்கு வெளிப்பக்கம் எண்டு ஏலுமான தூரம் நீட்டித் தொட்டுட்டுத் திரும்பி வரணும். கை இடுப்பில, குதி எழும்பக் கூடாது, காலை ஊண்டக் கூடாது. பழகிறதுக்கு எண்டு பல தரம் செய்ய விட்டுத்தான் பிறகு அளந்தாங்க, இல்லாட்டிப் பழக்கத்தால கூடினதா கால் சுகமானதா எண்டு தெரியாதாம். இடது கால்ல நிண்டு முன்னுக்கு 61. வலதுல நிண்டா 54. ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம். அமெரிக்காவில பள்ளிக்கூட பாஸ்கட்போல் பிள்ளைகளை வச்சு 2006ல வெளிவந்த ஆய்வொண்டில, முன்பக்கம் நாலு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருந்த பிள்ளைகளுக்கு அந்தச் சீசன்ல கால்ல அடிபடுற வாய்ப்பு ரெண்டரை மடங்கு எண்டு கண்டிருக்காங்க. இதைக் கேட்டதும் முதல்ல நினைவு வந்தது வெபர் ஸ்டேடியத்தில விளையாடுற எங்கட பொடியனுகள். ஒருத்தனையாவது ஆரும் டேப் வச்சு அளந்திருப்பாங்களா?

இன்னொண்டு, சுவருக்குப் பக்கத்தில கால் வச்சு, குதி எழும்பாம முழங்காலைச் சுவரில முட்டுறது. பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையில இடது பதினொண்டரை சென்டிமீட்டர், வலது ஏழு. ரெண்டு வருசமா நான் சுகம் எண்டு எல்லாருக்கும் சொன்ன கால் அது. கோச்சுக்குச் சொன்னன், அம்மாவுக்குச் சொன்னன், எனக்கும் சொன்னன். டேப்புக்கு மட்டும் பொய் சொல்லேலாமப் போச்சு.

கணுக்கால்ட வெளிப்பக்கத்தில எலும்புகளைப் பிணைக்கிற மூண்டு லிகமென்ட் கிடக்காம், உள்ள மடங்கினா முன்னுக்கு இருக்கிறதுதான் முதல்ல போறது. அது ஒட்டினாலும், கால் இப்ப எந்தச் சாய்வில நிக்குது எண்டு மூளைக்குச் சொல்ற தகவல் சரியாப் போறதில்ல, காலை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கிற தசை பிந்தி வேலை செய்யும், அதுக்குள்ள கால் மடங்கி முடிஞ்சிடும். வீக்கம் வத்தினாலும் இது திரும்பி வராது, பழக்கணும். இவ்வளவு நாளா ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லல்ல, நானும் கேக்கல்ல.

இனிக் கவர், ஆருக்கு எந்தப் பயிற்சி எண்டு சீட்டுக் குலுக்கின மாதிரி அதுதான் சொல்லும். உள்ளுக்குக் கிடக்கிறது தெரியாத மாதிரித் தடிச்ச கவர், ஒட்டி நம்பர் போட்டிருக்கு. ஒரு குறூப்புக்கு ஆடுற பலகையில நிண்டு செய்யிற பயிற்சி, மற்றதுக்கு வழமையா கிளினிக்ல குடுக்கிற ரப்பர் பட்டி, கெண்டைக்கால் இழுக்கிறது, அறிவுரைப் பேப்பர். மச்சானுக்குப் பலகை. எனக்குப் பட்டி. மனசு விட்டுப் போச்சு, சின்னப் பிள்ளை மாதிரி "மாத்தித் தரேலாதா மிஸ்" எண்டு கேட்டன். மாத்தினா எல்லாம் வீணாப் போயிடும், ஆருக்கு எது எண்டு நாங்களும் தெரிவு செய்யேலாது, நீங்களும் தெரிவு செய்யேலாது எண்டா. பலகைதான் நல்லது எண்டு தெரிஞ்சா நாங்க ஏன் ஆய்வு செய்யிறம் எண்டும் கேட்டா. அதுக்கு என்னட்ட பதில் இல்ல.

பதில் இல்லாட்டிலும் ஆசை போகுமா. நாலாம் கிழமை மச்சான் வீட்டில பழைய கரம்போட் துண்டுக்குக் கீழ டென்னிஸ் போலைப் பாதியா வெட்டி ஆணியடிச்சு அவன் செய்யிறதை நானும் செய்யத் தொடங்கினன். ஒழுங்கா இல்ல, பின்னேரத்தில கதைச்சுக் கதைச்சு. இதுக்கிடையில எனக்குத் தந்த டயறியில பயிற்சி செய்த நாளுக்குப் புள்ளடி போடணும், அதை நான் போடல்ல, ஆறாம் கிழமை போறதுக்கு முதல் ராத்திரி குந்தியிருந்து எல்லாத்தையும் ஒரே இருப்பில போட்டன். மிஸ் டயறியைத் திறந்தா, ஒரு பக்கம் பாத்தா, மற்றப் பக்கம் பாத்தா. ஒரே பேனா, ஒரே சாய்வு. "தம்பி, செய்யாத நாளை வெறுமையா விடுங்க. வெறுமையும் எங்களுக்கு டேட்டாதான்."

அந்த இடத்தில எல்லாத்தையும் சொல்லிட்டன், கரம்போட் கதை உட்பட. ஏசுவா, வெளிய போடுவா எண்டு நினைச்சா, ஒரு போம் எடுத்து எந்தத் திகதியில இருந்து, கிழமைக்கு எத்தின நாள் எண்டு கேட்டு எழுதினா. வெளிய போட மாட்டாங்களாம், குறூப் மாத்தவும் மாட்டாங்களாம். நான் பலகையில நிண்டாலும் நிக்காட்டிலும் கவர் எந்தக் குறூப் எண்டு சொன்னதோ அந்தக் குறூப்பிலதான் கடைசி வரைக்கும் என்ட கணக்கு. குறூப்புக் குறூப்பா மாறிப் போறவனையும் விட்டுட்டுப் போறவனையும் எடுத்தெறிஞ்சா மிஞ்சுறது ஒழுங்கா வந்த நல்ல பிள்ளைகள் மட்டும்தான், அப்ப எந்தப் பயிற்சியும் நல்லாத்தான் தெரியும் எண்டா. எனக்கு வெக்கமா இருந்த, மச்சானுக்கும் ஏச்சு விழுந்த, என்னால.

எட்டாம் கிழமை அளந்தது வேற ஒரு ஆள், எந்தக் குறூப் எண்டு அவருக்குச் சொல்லக் கூடாதாம், வாசல்லயே சொல்லி விட்டாங்க. நான் வாயை மூடிட்டு நிண்டன், ஆனா அவர் டேப்பைச் சரி பண்ணக்குள்ள "சேர், பலகை எண்டா இதைவிட லேசு" எண்டு வந்திட்டு. அவர் நிமிர்ந்து பாத்திட்டு ஒண்டும் பேசாம மூலையில ஒரு பெட்டியில புள்ளடி போட்டார். வாய் விட்டவனுக்கும் ஒரு பெட்டி வச்சிருக்கிறானுகள்.

வலது 58, இடது அதே 61. சுவரில ஒன்பதரை. போம்ல 23. பட்டியாலயா, கரம்போடாலயா, காலம் போனதாலயா எண்டு கேட்டன். உங்கட ஒரு காலை வச்சு அதைச் சொல்லேலாது எண்டுட்டா மிஸ். முடிவு வர நாளெடுக்கும், முடிஞ்ச பிறகு விருப்பமெண்டா பலகைப் பயிற்சியையும் வந்து பழகலாம் எண்டா. போனன், பழகினன்.

ஆறு மாசத்துக்குப் பிறகு போன வெள்ளிக்கிழமை கோல். "இடையில எத்தின தரம் மடங்கின?" அம்மா பக்கத்தில கீரை ஆய்ஞ்சிட்டு இருந்தா, என்ட வாயைப் பாத்திட்டு. ரெண்டு தரம் எண்டன். ஒண்டு மெச்சில, மற்றது அந்த உடைஞ்ச திண்ணைப் படியில. "படியைக் கட்டு எண்டு எத்தின நாளாச் சொல்றன்" எண்டு அம்மா சத்தம் போட்டது போன்லயும் கேட்டிருக்கும், மிஸ் சிரிச்சிட்டு அதையும் எழுதினாவோ தெரியா.