ஓபோ

எங்களுக்கு ஊர் கோபி. தங்கச்சி குவைத்தில் நர்ஸ். ஒருநாள் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது அவளோடு அறையில் தங்கியிருக்கும் பிலிப்பைன்ஸ் பெண் எட்டிப் பார்த்தாள். அம்மா விடுவாரா, "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டார். தங்கச்சி அதை எடுத்துச் சொன்னதும் அந்தப் பெண் லேசாகத் தலை குனிந்து "ஓபோ" என்றாள். அம்மா முகம் வாடிவிட்டது. "ஏஞ்சாமி, என்னையப் போங்கறா?"

அவர்கள் பேசும் தகாலோக் மொழியில் 'ஓஓ' என்றால் ஆமாம். பெரியவர்களிடம் வெறும் 'ஓஓ' சொல்ல மாட்டார்கள், 'போ' சேர்த்து 'ஓபோ'. நன்றிக்கு 'சலாமத்', மரியாதையாகச் சொன்னால் 'சலாமத் போ'. அந்தப் 'போ'வுக்கென்று தனியாக அர்த்தம் கிடையாது. "நம்ம 'ங்க' மாதிரிங்கம்மா" என்றாள் தங்கச்சி. அதோடு அம்மா சமாதானமாகிவிட்டார்.

எனக்குத்தான் அது மனசிலேயே நின்றுவிட்டது. சரிங்க, இல்லீங்க, நாளைக்குங்க, பஸ் போயிருச்சுங்க என்று எங்கள் பக்கம் எந்தச் சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும் அந்த 'ங்க', பேச்சு வேகத்தில் இன்னும் தேய்ந்து 'ஏனுங்', 'சரிங்' என்று மூக்கோடு நின்றுவிடும், பத்து வயசுப் பையனைக்கூட 'வாங் தம்பி' என்று கூப்பிடுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. சென்னைக்கு வேலைக்குப் போன புதிதில் வாடகை வீட்டின் சொந்தக்காரர் "என்ன வேணும்?" என்று கேட்டது எனக்குச் சுருக்கென்றது. அவர் கோபமாகவே இல்லை, அந்த ஊரில் அது சாதாரணப் பேச்சு என்று புரிய ஒரு மாதம் ஆனது.

தெலுங்கில் 'அவுனு' என்பது 'அவுனண்டி' ஆகும். வட கர்நாடகத்தில் 'ரீ', இந்தியில் 'ஜி'. இதெல்லாம் பக்கத்து வீடுகள், ஒத்துப்போவதில் ஆச்சரியமில்லை. கடல் தாண்டி, உறவே இல்லாத ஒரு மொழியிலும் இருக்கிறதே! அதுமட்டுமில்லை, 'நீங்கள்' என்று ஒருவரையே பலராக்கி மதிப்பது போல அவர்களும் பன்மையான 'கயோ'வைப் பெரியவர்களுக்கு வைக்கிறார்கள்.

இப்போதெல்லாம் போனில் அம்மாவைப் பார்த்ததும் அவள்தான் முதலில் கேட்கிறாள், "குமாயின் நா போ கயோ?" சாப்பிட்டீங்களா என்று அர்த்தம். "ஆச்சு கண்ணு, நீ?" என்பார் அம்மா.

"ஆச்சுங்" என்கிறாள்.