118 டொலரும் ஓர் அன்ரனாவும்

2009-இல் கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் குடியேறிய முதல் வாரத்திலேயே, கட்டில் வந்து சேருவதற்கு முன்னரே, எங்களுக்குக் கேபிள் இணைப்பு வந்துவிட்டது. எங்களுக்கு முன் வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்திருந்தார்கள். இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றையும் ஒரே பொதியாக எடுத்தால் மலிவு என்று விற்பனையாளர் சொன்னதை நாங்களும் நம்பினோம். முதல் ஆண்டுக்குரிய விலைக்கழிவு முடிந்த பிறகு தொகை மெல்ல மெல்ல ஏறியதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அது வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்தது.

2017 தை மாதத்தில் ஓர் இரவு பில்லைச் சமையலறை மேசையில் விரித்து வரி வரியாகப் படித்தேன். அலைவரிசைத் தொகுப்புக்கு 62 டொலர், இரண்டு கேபிள் பெட்டிகளின் வாடகை 22, தமிழ் அலைவரிசைகளுக்குத் தனியாக 20 டொலர் 50 சதம். அதன்மேல் ஒன்ராறியோவின் 13 சதவீத விற்பனை வரியையும் சேர்த்தால், தொலைக்காட்சிக்கு மட்டும் மாதம் 118 டொலர் 9 சதம். வாடகைக்கு எடுத்த பெட்டிகளில் ஒன்று ஆறு மாதமாக அலுமாரிக்குள் கிடந்தது.

2016 மார்ச் முதல், மாதம் 25 டொலருக்கு மேற்படாத அடிப்படைத் தொகுப்பு ஒன்றை எல்லா நிறுவனங்களும் வழங்க வேண்டுமென்று கனடிய வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணைக்குழு விதித்திருந்தது. அதற்கு மாறலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் பெட்டி வாடகை, தமிழ் அலைவரிசை, வரி என்று கூட்டிப் பார்த்தபோது, அந்த 25 டொலர் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு மடங்கைக் கடந்துவிட்டது.

வேலையிடத்து நண்பர் ஒருவர் தம் வீட்டில் அன்ரனாதான் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் உயரமான இரும்புக் குழாய்களில் ஏற்றிய அன்ரனாக்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் இந்தியாவைப் பார்த்தபடிதான் நின்றன. வெள்ளிக்கிழமை இரவில் தூரதர்ஷனின் பாட்டு நிகழ்ச்சி வரும் நேரத்தில் ஒருவர் வெளியே நின்று குழாயைத் திருப்ப, உள்ளேயிருந்து இன்னொருவர் "காணும், காணும்" என்று கத்துவார். கனடாவிலும் அதே வேலைதான் என்று நான் நினைத்திருக்கவில்லை. இங்கே கடலுக்குப் பதிலாக ஒன்ராறியோ ஏரி. ஸ்காபரோவிலிருந்து தென்மேற்கே, 553 மீற்றர் உயரமான சீ.என். கோபுரத்திலிருந்து சீ.பி.சி., குளோபல், சிற்றி, டி.வி.ஓ. போன்ற கனடியத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பாகின்றன. தெற்கே ஏரிக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோ நகர நிலையங்கள் இருக்கின்றன. 2011 ஓகஸ்ட் 31-இல் கனடாவின் பெரிய நகரங்களில் அனலொக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட பிறகு இவையெல்லாம் டிஜிற்றலில், உயர் தெளிவில், ஒரு சதமும் கேட்காமல் வருகின்றன.

அன்ரனாவுக்கு 85 டொலர், வயருக்கு 30. மாசி மாதக் குளிரில் கூரையில் ஏற மனைவி விடவில்லை. ஆகவே கூரைக்கு உள்ளே, அட்டிக்கில், வளையில் ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டேன். ஓடு வேய்ந்த கூரையானதால் அலை உள்ளே வந்தது. தகரக் கூரையாக இருந்திருந்தால் வந்திராது. கோபுரத்தை நேராகப் பார்த்தால் பஃபலோ போய்விடுகிறது, பஃபலோவைப் பார்த்தால் ரொறன்ரோ அலைவரிசைகள் சில கட்டம் கட்டமாக உடைகின்றன. இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைப் பிடிக்க ஒரு முழுப் பின்னேரம் போயிற்று. கீழே இருந்து அம்மா, "இன்னும் கொஞ்சம் இந்தியாப் பக்கம் திருப்பு தம்பி" என்றார்.

இணைப்பைத் துண்டிக்க அழைத்தபோது, வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவில் இருந்தவர் 40 நிமிடம் பேசினார். முதலில் கழிவு தருவதாகச் சொன்னார்; பிறகு 30 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்றார். அந்த நிபந்தனையை ஆணைக்குழு 2015 ஜனவரியிலேயே தடைசெய்துவிட்டதை நான் எடுத்துச் சொன்ன பிறகு குரல் மாறியது. இன்னொன்றை நான் எதிர்பார்க்கவில்லை: பொதி உடைந்ததால் இணையக் கட்டணம் 15 டொலர் கூடிவிட்டது. கேபிளைக் கைவிட நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

கடைக்காரர் ஒருவர் 'பெட்டி' ஒன்றைக் காட்டி, ஆண்டுக்கு 150 டொலருக்கு உலகத்துத் தமிழ் அலைவரிசையெல்லாம் வரும் என்றார். உரிமம் இல்லாத அந்தச் சேவை எனக்கு வேண்டாம். ஓர் இரவில் அது நின்றுபோனால் யாரிடம் போய் முறையிடுவது? அம்மாவின் நாடகங்களுக்காக முறையான இணையச் சேவை ஒன்றை மாதம் 10 டொலருக்கு எடுத்தோம். பழைய ரிமோட்டில் அவருக்கு இலக்கங்கள் மனப்பாடம். புதியதில் அம்புக்குறிகளால் நகர்ந்து தேட வேண்டியிருந்ததால், முதல் மாதம் அவர் என்மீது உண்மையாகவே கோபமாக இருந்தார். கிரிக்கெட் இழப்பு என்னுடையது. அதை இன்றும் நான் ஈடுசெய்யவில்லை. படங்களுக்கு ரொறன்ரோ பொது நூலகத்தின் டி.வி.டி.கள் போதுமாயின.

எல்லாம் கழித்து மாதம் 90 டொலரளவு மிஞ்சியது. அதை மகளின் கல்விச் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். ஆண்டுக்கு 1,080 டொலர் போட்டால், மத்திய அரசு 20 சதவீத மானியமாக 216 டொலர் சேர்க்கிறது. கேபிள் பில் அப்படி எதையும் திருப்பித் தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

2019-இல் ஒரு காலை பஃபலோ நிலையங்கள் சில காணாமல் போயின. அன்ரனா விழுந்துவிட்டது என்று நினைத்து, ஏணி வைத்து அட்டிக்கில் ஏறி, தூசுக்குள் அரை மணி நேரம் வயரைத் தடவிப் பார்த்தேன். ஒளிபரப்பு அலைக்கற்றையில் ஒரு பகுதியைக் கைப்பேசிச் சேவைக்கு விடுவதற்காக நிலையங்கள் வேறு அலைக்கற்றைக்கு மாறியிருந்தன என்பதும், தொலைக்காட்சியில் அலைவரிசைகளை மறுபடி ஒருமுறை தேடவிட்டால் போதும் என்பதும் இறங்கி வந்த பிறகுதான் தெரிந்தது. நான் கீழே வந்தபோது அம்மா ஏற்கனவே அந்தப் பொத்தானை அமர்த்திவிட்டு, பஃபலோ வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு அங்கே பனி என்றார்.