வந்த லைனிலேயே திரும்பிப் போ

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே இரண்டு இன்டர்நெட் லைன். ஒன்று நிலையான ஐபி முகவரியோடு வரும் 20 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், இன்னொன்று 300 எம்பிபிஎஸ் ஃபைபர் பிராட்பேண்ட். விலை அதிகம் முதலாவதற்குத்தான். "கம்மி ஸ்பீடுக்கு எதுக்கு தம்பி இத்தனை காசு?" என்று முதலாளி ஒவ்வொரு பில்லுக்கும் கேட்பார்.

எங்களைப் பொறுத்தவரை அந்தக் காசு முகவரிக்கு. பேங்கில் பதிந்து வைத்திருப்பது அதைத்தான். எங்கள் மெயில் எந்த முகவரியிலிருந்து வரலாம் என்று வெளியே சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் இருப்பதும் அதுதான். பிராட்பேண்டில் எங்களுக்குக் கிடைப்பது 100.64-ல் தொடங்கும் முகவரி. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஏற்பாடு அது. வெளியிலிருந்து யாரும் அதன் வழியாக உள்ளே வர முடியாது.

நான் வரும்போது, இரண்டு லைனும் வந்து சேரும் ஃபயர்வால் பெட்டியில் லோடு பேலன்சிங் இருந்தது. புது கனெக்‌ஷன் ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி இரண்டு லைனிலும் அனுப்பும். ஸ்பீடு டெஸ்டில் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் பேங்க் சைட்டில் லாகின் ஆன முகவரி ஒன்று, அடுத்த பக்கம் கேட்ட முகவரி வேறு. உடனே வெளியே தள்ளிவிடும். "ஏன் தம்பி, மறுக்கா மறுக்கா லாகின் கேக்குது?" என்று அக்கவுண்ட்ஸ் அண்ணன் கூப்பிடுவார். "இருங்கண்ணா, பாக்குறேனுங்க" என்று சொல்லிச் சொல்லியே அலுத்துப்போய், அந்த ஏற்பாட்டையே தூக்கிவிட்டு, அனுப்புபவரின் முகவரியை (சோர்ஸ்) பார்த்து லைனைத் தேர்ந்தெடுக்கும் சோர்ஸ் ரூட்டிங்குக்கு மாற்றினேன்.

வழக்கமான ரூட்டிங், பாக்கெட் என்னும் தரவுத் துண்டு எங்கே போகிறது என்று மட்டும்தான் பார்க்கும். எங்கிருந்து வருகிறது என்று கேட்காது. அதையும் கேட்க வைப்பதற்கு ஃபயர்வாலில் ஓடும் லினக்ஸில், எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட்டிங் டேபிள்களுக்கு முன்னால் ஒரு விதிப் பட்டியல் உண்டு. லினக்ஸின் மையமான கர்னலே மூன்று விதி போட்டு வைத்திருக்கும்: 0-ல் லோக்கல், 32766-ல் மெயின், 32767-ல் டீஃபால்ட். எண் சிறியதாக இருந்தால் முதலில் பார்க்கும். நம் விதிகளை 0-க்கும் 32766-க்கும் இடையில் செருக வேண்டும்.

லீஸ்டு லைனுக்கென்று தனி டேபிள் ஒன்று, அதில் ஒரே ஒரு டீஃபால்ட் ரூட், அதாவது எங்கே போவதானாலும் இந்த லைன்தான். அக்கவுண்ட்ஸின் 192.168.10.0/24-இலிருந்தோ, மெயில் சர்வர் 192.168.20.5-இலிருந்தோ வந்தால் அந்த டேபிளைப் பார் என்று 200-ல் எழுதினேன். மற்ற எல்லோரும் மெயின் டேபிள் வழியாக பிராட்பேண்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கு முன்னால் 100-ல் இன்னொரு விதி அவசியம்: 192.168.0.0/16-க்குள் போவது எதுவானாலும் மெயின் டேபிளைப் பார். இது இல்லையென்றால், பக்கத்து விலானில் (உள் நெட்வொர்க்கின் இன்னொரு பிரிவில்) இருக்கும் பிரிண்டருக்கு அக்கவுண்ட்ஸ் அனுப்பும் இன்வாய்ஸும் லீஸ்டு லைன் பக்கம் கிளம்பிவிடும். அக்கவுண்ட்ஸிலிருந்து மட்டும் பிரிண்ட் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த விதியைத்தான்.

இதுவரை சுலபம். உள்ளே வரும் கனெக்‌ஷன்தான் நேரத்தைத் தின்றது.

கம்பெனி வேலைகளை நடத்தும் மென்பொருளான ஈஆர்பி ஓடும் சர்வர் 192.168.20.8. அதன் பேக்கப் பெரியது, அது பிராட்பேண்டில்தான் போக வேண்டும். அதனால் 200-ஆம் விதியில் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்யும் மெர்ச்சண்டைசர்கள் அதே சர்வருக்கு லீஸ்டு லைன் முகவரி வழியாக போர்ட் ஃபார்வர்டில், அதாவது ஃபயர்வால் உள்ளே திருப்பிவிடும் வழியில், வருகிறார்கள். அவர்களுக்குத் திறக்கவே இல்லை. பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தால், லீஸ்டு லைன் சொருகிய நெட்வொர்க் கார்டில் பாக்கெட் வந்து இறங்குகிறது, உள் நெட்வொர்க்குக்கான லேன் கார்டில் ஒன்றுமே இல்லை. லாகிலும் ஒரு வரி கிடையாது. காரணம், போலி முகவரியோடு வரும் பாக்கெட்டைத் தடுக்கும் ஆர்பி ஃபில்டர். எங்கள் பெட்டியில் அதன் மதிப்பு 1, அதாவது கறார். இந்த ஆளுக்குப் பதில் அனுப்பினால் வேறு கார்டில் அல்லவா போகும், அப்படியானால் இது போலி என்று முடிவுகட்டிச் சத்தமில்லாமல் போட்டுவிடும். 2 என்று தளர்த்தியதும் பாக்கெட் சர்வரைத் தொட்டது.

பதில்தான் வெளியே போய்ச் சேரவில்லை. இந்தத் தடவை பிராட்பேண்ட் கார்டில் பார்த்தேன். லீஸ்டு லைனின் முகவரியைச் சுமந்துகொண்டு பதில் பாக்கெட்டுகள் வரிசையாக அந்தக் கார்டு வழியாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. ரூட்டிங் முடிவாகும் நேரத்தில் சோர்ஸ் இன்னும் 192.168.20.8 தான், வெளி முகவரி அதற்குப் பிறகுதான் ஒட்டப்படுகிறது. தன்னுடையதல்லாத சோர்ஸோடு வரும் பாக்கெட்டை இணைய நிறுவனம் தடுக்க வேண்டும் என்று 2000-ல் வந்த ஆர்எஃப்சி 2827 என்ற இணைய வழிகாட்டி ஆவணம் சொல்கிறது. அவர்கள் தடுத்ததில் தப்பே இல்லை.

ஆக, இங்கே சோர்ஸ் மட்டும் போதாது. லீஸ்டு கார்டில் வரும் புது கனெக்‌ஷனுக்கு கனெக்‌ஷன் மார்க் ஒன்று குத்தி, லேனிலிருந்து பதில் வரும்போது அந்த மார்க்கைப் பாக்கெட்டின் மேல் திரும்ப எழுதி, மார்க் இருந்தால் லீஸ்டு டேபிள் என்று 150-ல் ஒரு விதி போட்டேன். இப்போது பேக்கப் ஒரு பக்கம், மெர்ச்சண்டைசர்கள் இன்னொரு பக்கம். சர்வர் ஒன்றே.

அப்புறம், லைன் செத்தால்? லீஸ்டு கார்டு டவுன் ஆனால் அதன் டீஃபால்ட் ரூட் தானாக மறைந்துவிடும். டேபிளில் பொருத்தமான ரூட் இல்லையென்றால் கர்னல் நிற்காது. அடுத்த விதிக்கு நகர்ந்து, மெயினைப் பிடித்து, பிராட்பேண்டில் அனுப்பிவிடும். கேட்க நல்லதாகத் தோன்றும். மெயிலுக்கு அது விஷம். எஸ்பிஎஃப்பில் இல்லாத முகவரியிலிருந்து போன மெயிலை எங்கள் சரக்கை வாங்கும் பையரின் சர்வர் குப்பைக்குத் தள்ளிவிடலாம், நமக்குத் தெரியவும் வராது. அதனால் லீஸ்டு டேபிளின் அடியில், பெரிய மெட்ரிக்கோடு (எண் பெரிதானால் கடைசியில்தான் பார்க்கும்) 'அன்ரீச்சபிள்', அதாவது வழியில்லை என்று சொல்லி நிறுத்தும் ரூட் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். லைன் போனால் மெயில் கியூவில் காத்திருக்கும். மெயில் சர்வரில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே 5 நாள் வரை முயன்றுகொண்டிருக்கும், அதற்குள் லைன் வராமலா போகும்.

அதே டேபிளில் இருக்கும் அக்கவுண்ட்ஸ் அண்ணனுக்கு இதில் வருத்தம்தான். லைன் இல்லாத நேரத்தில் யூடியூப் கூட ஓடவில்லையாம்.