ஒன்றரை ஷிப்ட்டுக்கு நடுவில் பத்தாம் வகுப்பு

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டில் பணத்தைவிட நேரத்துக்குத்தான் பஞ்சம். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டு மணிக்கு வெளியே வருவோம். ஒன்றரை ஷிப்ட். அப்புறம் சமையல், பிள்ளைகள், தண்ணீர் வரும் நாளில் குடங்கள். இப்படி இருந்த நாங்கள் மூன்று பேர் 2023இல் பத்தாம் வகுப்புத் தேர்வை, பள்ளியில் சேராமலே, தனித்தேர்வர்களாக எழுதுவது என்று முடிவு செய்தோம்.

நான் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன், இரண்டு பிள்ளைகள். எங்கள் லைன் வீட்டின் கடைசிப் போர்ஷனில் இருக்கும் அக்கா ஓவர்லாக் டெய்லர். அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது, மகன் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது ஆள் எதிர்வீட்டுத் தம்பி. சான்றிதழ் ஏதும் இல்லாமலே எலக்ட்ரீஷியன் வேலை பார்ப்பவன், வீட்டில் கைக்குழந்தை. மூவரும் எட்டாவதோடு நின்றவர்கள்.

முதல் வேலை காகிதங்கள்தான். நேரடித் தனித்தேர்வர், அதாவது முதல் தடவையாக எல்லாப் பாடமும் எழுதுகிறவர் என்றால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்குச் சான்று வேண்டும். நான் படித்தது தாராபுரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில். அங்கே படித்ததற்குக் கொடுத்த ரெக்கார்டு ஷீட் எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கே போனேன். தலைமையாசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, என் பெயர் இருந்த வரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். "இத்தனை வருசம் கழிச்சு வந்திருக்கியே கண்ணு, எழுதாம விட்றாதே" என்றார். அவரை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

பலருக்குத் தெரியாத ஒன்று, அறிவியல் செய்முறை வகுப்பு. தனித்தேர்வர்கள் கல்வித் துறை ஒதுக்கும் பள்ளியில் அந்த வகுப்புகளுக்குப் போயே ஆக வேண்டும். 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியும். இதற்கான பதிவு, தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். எங்களுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பு. திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பள நாள், அன்றைக்கு அரை ஷிப்ட் விட்டுப்போனால் வாரக் கணக்கே ஆடும். எங்கள் சூப்பர்வைசரிடம் அக்காதான் பேசினார், ஞாயிறு வேலை இருந்தால் வந்து ஈடு செய்கிறோம் என்று சொல்லி.

அந்த வகுப்பு எனக்குப் பிடித்துப்போனது. குவிலென்ஸை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, வெளியே இருந்த வேப்பமரம் திரையில் தலைகீழாக விழுந்தபோது அக்கா டீச்சரிடம் இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பிள்ளைகளைப் படி படி என்று சொல்லிக்கொண்டே இருந்தோம், இதெல்லாம் அவர்கள் புத்தகத்தில் இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாமல் இருந்தது.

படிப்பதற்கு நேரத்தை நாங்கள் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் மூன்று வீட்டுக்கும் நான் சமைத்தால் மற்ற இருவரும் படிப்பார்கள். மறுநாள் அக்கா. தம்பி சமைக்க மாட்டான், ஆனால் தண்ணீர் வரும் இரவுகளில் எல்லார் குடத்தையும் அவன் பிடித்து வைத்துவிடுவான். அவன் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே எங்களிடம் கேள்வி கேட்பார். என் மகள் ஒரு மதிப்பெண் வினாக்களைப் போனில் பதிவு செய்து கொடுத்தாள். கம்பெனி பஸ்ஸில் அதைத்தான் கேட்டுக்கொண்டு போவேன்.

கணக்குக்கு வாத்தியார், அக்காவின் மகன். அவன் சொன்ன வழி எளிது: ஜியோமெட்ரி 8, கிராப் 8, இந்த 16 மதிப்பெண்ணை முதலில் கைக்குக் கொண்டுவாருங்கள். புத்தகத்தின் பின்னால் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களில் பாதி வந்தாலும் 7. மீதியை இரண்டு மதிப்பெண்ணிலும் ஐந்து மதிப்பெண்ணிலும் தேடலாம். தேர்ச்சிக்கு 35 போதும் என்னும்போது இந்தக் கணக்கு மனதுக்குத் தெம்பு கொடுத்தது. அம்மாவுக்குத் தொடுகோடு வரையச் சொல்லிக்கொடுக்கும்போது அவன் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை.

2024 மார்ச் 26 தமிழ்த் தேர்வு. ஆங்கிலமும் கணக்கும் எழுதி முடித்தோம். அறிவியல் தேர்வுக்கு முதல் நாள் இரவு அக்காவின் கணவருக்கு நெஞ்சுவலி. திருப்பூர் அரசு மருத்துவமனையிலிருந்து கோவை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அக்கா ஆம்புலன்ஸில் ஏறினார். அறிவியலும் சமூக அறிவியலும் அவருக்குப் போயின. நானும் தம்பியும் தேர்வு எழுதிவிட்டு அப்படியே கோவைக்கு பஸ் ஏறினோம்.

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தேவையான ரேஷன் கார்டு, வருமானச் சான்று எல்லாவற்றையும் தம்பிதான் அலைந்து சேர்த்தான். அக்காவின் மகன் எங்கள் வீட்டில் சாப்பிட்டு எங்கள் வீட்டிலேயே தூங்கினான். என் கணவர் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் சாப்பாட்டோடு கோவைக்குப் போய் வந்தார். கைச்செலவுக்குச் சுய உதவிக் குழுவில் என் பேரில் கடன் எடுத்தேன்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. நானும் தம்பியும் தேறிவிட்டோம். அக்கா மூன்று பாடங்களில் தேர்ச்சி, கணக்கில் என்னைவிட அதிகம். ஆனால் அவர் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டிருந்தார். "போதும் சாமி, எனக்கு இதுக்கு மேல தெம்பில்லை" என்றார். நாங்கள் வாதாடவில்லை. அந்த நிலையில் புத்திமதி ஒருவரை இன்னும் களைப்பாக்கும், அவ்வளவுதான். எழுதாத இரண்டு பாடங்களை ஜூலையில் வரும் துணைத் தேர்வில் எழுதினால் போதும், மற்ற மூன்றும் அப்படியே நிற்கும் என்பதை மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவரே தம்பியைக் கூப்பிட்டு, விண்ணப்பம் போடச் சேவை மையத்துக்கு எப்போது போகலாம் என்று கேட்டார்.

ஜூலை வரை அவர் வீட்டுச் சமையலை நான் எடுத்துக்கொண்டேன். உப்பில்லாத சமையல், அவர் கணவருக்காக. சமூக அறிவியலுக்கு வரைபடமும் காலக்கோடும் வரைந்து வரைந்து பழகினார். துணைத் தேர்வில் இரண்டிலும் தேர்ச்சி.

இப்போது நான் பிளஸ் டூ வரை போய்விட வேண்டும் என்று படிக்கிறேன். தம்பி ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்துவிட்டான். ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. அவன் பகலில் வகுப்புக்குப் போவதால் அவன் மனைவி கம்பெனிக்குப் போகிறார். காலையில் பிள்ளையைக் கிளப்பி அங்கன்வாடியில் விடுவது அக்காவின் கணவர், மாலையில் கூட்டி வருவது என் மகள்.